போன செலவும் நறுக்கிய ஆப்பிளும்

பள்ளிச் சமையலறையில் பத்தொன்பது வருடம் தட்டு நிரப்பிய வெர்னா, ஐம்பத்திரண்டு வயதில் சமுதாயக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கப் போனாள். சமையலறை மேற்பார்வையாளர் ஆவதற்கு அந்தப் பாடம் வேண்டுமாம். "தனியா போனா நீ பாதியிலயே ஓடி வந்துடுவே. நானும் வரேன்" என்று கணவன் டெல்பர்ட்டும் சேர்ந்துகொண்டான். அமெரிக்காவின் டொலிடோ நகரில் பேருந்து ஓட்டுகிறவன் அவன். முதல் வகுப்பில் ஆசிரியர் ஓல்சன், விலை ஏறினால் சுருங்கி, இறங்கினால் விரியும் இலாஸ்டிக் குணம் தேவைக்கு உண்டு என்றதும், "என் பேன்ட் இடுப்பு மாதிரியா சார்?" என்று கேட்டு வகுப்பையே குலுங்க வைத்தான்.

அக்டோபரில் மாரடைப்பு அவனைக் கொண்டுபோய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து வெர்னா வகுப்புக்கு வந்தது படிப்பதற்கல்ல. கையில் வகுப்பிலிருந்து விலகும் படிவம் இருந்தது. மறுநாளோடு கெடு முடிகிறது. ஓல்சன் கையெழுத்துப் போட்டால் போதும்.

டெல்பர்ட்டின் நாற்காலியில் யாரும் உட்காராதபடி, உடன் படிக்கும் ஷனீஸ் தன் கைப்பையை வைத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு நேரே வகுப்புக்கு வருகிறவள் அவள்.

வெர்னா படிவத்தை நீட்டினாள். "போட்டுடுங்க சார். மனசுதான் கேக்கல. ஃபீஸ் கட்டினது அவரு. விட்டா அது வீணாப் போகும்."

ஓல்சனுக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். பேனாவைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். "அதுக்காக மட்டும் இருக்கணும்னா, இருக்காதீங்க வெர்னா. நீங்க வராத வாரம் நடத்தினதே இதுதான். போன செலவு போனதுதான். முடிவு எடுக்கும்போது அதைச் சேர்க்கவே கூடாது."

"சேர்க்கக் கூடாதா?" அவள் குரல் உடைந்தது. "அவரோட வாழ்ந்த இருபத்தேழு வருஷம் சார். அதையும் சேர்க்கக் கூடாதா?"

ஓல்சன் பேனாவை மூடினார்.

"அடியே, அவரு டெல்பர்ட்டைச் சொல்லலடி, ஃபீஸைச் சொன்னாரு" என்றாள் ஷனீஸ். "ஃபீஸ் போச்சு, விடு. உங்க சமையலறை ஆப்பிள் கதைய நீயும் டெல்பர்ட்டும் இன்னிக்குத்தானே வகுப்புல சொல்றதா இருந்தீங்க? அதைக் கேக்கத்தான் சாப்பிடக்கூடச் செய்யாம ஓடி வந்தேன். பசியோட இருக்கிறவள ஏமாத்தாத."

அழுகையின் நடுவே வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்றபடியே சொல்லத் தொடங்கினாள்.

மதியச் சாப்பாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பழம் எடுத்தாக வேண்டும். காசு கிடையாது. ஆனாலும் பாதி ஆப்பிள்கள் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். சாப்பாட்டின் அருமை தெரியாத பிள்ளைகள் என்று இத்தனை வருடமும் திட்டியிருக்கிறாள். இதைக் கேட்ட டெல்பர்ட்தான், "இலவசம்னு யாரு சொன்னது? முன்பல்லு விழுந்த பிள்ளைக்கு முழு ஆப்பிள் எவ்வளவு பெரிய விலை தெரியுமா?" என்றான். மறுநாள் அவள் கவனித்துப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு முன்பல் இல்லை. ஒரு தட்டு ஆப்பிளை நறுக்கி வைத்தாள். ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

சொல்லி முடித்தபோது வகுப்பு கைதட்டியது. அவனுடைய கேள்வி இன்னும் எத்தனையோ பேருக்குப் போய்ச்சேர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவளைத் தவிர வேறு யார் கொண்டுபோவார்கள்?

ஓல்சன் படிவத்தைக் காட்டினார். "இதை என்ன பண்ணட்டும்?"

"கொடுங்க சார், கிழிச்சுடறேன். அடுத்த வாரம் என்ன பாடம்?"

இப்போது பதினோரு பள்ளிகளின் மதியச் சாப்பாடு வெர்னாவின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு பிள்ளை எதையாவது ஒதுக்கினால் அவள் திட்டுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு அது என்ன விலை என்று முதலில் யோசிக்கிறாள். அப்படி யோசிக்கும்போதெல்லாம் டெல்பர்ட்டுக்கும், உண்மையை மறைக்காத அந்த இளம் ஆசிரியருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறாள். ஷனீஸுக்கு மட்டும், ஒவ்வொரு நவம்பரிலும் வரும் நன்றி கூறும் திருநாளன்று நேரிலேயே போய்ச் சொல்கிறாள், ஆப்பிள் சுட்டு எடுத்துக்கொண்டு.

"இந்த வருஷமும் நறுக்கித்தான் கொண்டாந்தியா?" என்பாள் ஷனீஸ், கதவைத் திறந்தபடி. "எனக்குப் பல்லு இருக்குடி!"