மீன் எண்ணெய் குடித்த கோழிகள்

“செத்த கோழியை அறுத்துப் போட்டுட்டு எங்களைக் கை நனைக்கச் சொல்றீங்களா?”

“வார்த்தையை அளந்து பேசுங்க. விடியக்காலையில கூவின கோழிங்க!”

“கூவினது கோழியோ கருவாடோ! மோந்து பாருங்க சம்மந்தி. சேத்தியாத்தோப்பு மீன்கடையே எலையில வந்து உக்காந்திருக்குது.”

கத்தியது மாப்பிள்ளையின் அம்மா வீராயி. பதிலுக்குக் கத்தியது பெண்ணைப் பெற்ற பெரியநாயகி. சத்தம் கேட்டு ஓடிவந்தோம் என்று நாங்கள் தெருக்காரர்கள் சொல்லிக்கொள்ள முடியாது. பந்தி ஆரம்பிக்கும் முன்பிருந்தே அங்கேதான் நின்றோம்.

பூ வைப்பதும் தட்டு மாற்றுவதும் எங்கள் பக்கம் பிற்பாடுதான். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டில் வளர்ந்த கோழியைத் தின்று கை கழுவினால் சம்பந்தம் உறுதி. பாதி இலையில் எழுந்தால் முறிந்தது. பெண் வாசுகிக்கு இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. கூடப் பாண்டி ஆடியவளெல்லாம் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்துபோகிறாள். ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி ரெண்டாந்தாரம்தான் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவைத்திருந்தோம். இந்த மாதிரி விஷயத்தில் தெருவுக்கு அவசரம் அதிகம்.

அறுபத்தெட்டாம் வருஷத் தை மாசம் அது. அதற்கு அஞ்சு மாசம் முன்னால் பெரியநாயகி பன்னிரண்டு குஞ்சு வாங்கிவிட்டாள். புருஷன் நல்லமுத்துவுக்கு எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் மெருகு பூசுகிற வேலை. கோணிப்போன சாசரெல்லாம் கொண்டுவந்து குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்தார். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கே அலுமினிய டம்ளர்தான்.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் கோதண்டபாணி ரெண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவர்தான் மீன் எண்ணெய் பாட்டில் ஒன்று கொடுத்தார்.

“தவுட்டுல நாலு சொட்டு விட்டுப் பிசைஞ்சு வைங்கக்கா, சுருக்கா வளரும். ஆனா அறுக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடியே நிறுத்திடணும்.”

“ஏன் தம்பி?”

“எந்த எண்ணெயைத் தின்னுதோ, அதுதான் கோழியோட கொழுப்புல போயி தங்கும். கறி கவிச்சடிக்கும்.”

பெரியநாயகி சொன்னபடியே செய்தாள். விருந்துக்குச் சரியாக மூன்று வாரம் இருக்கும்போது பாட்டிலைப் பரண்மேல் ஏற்றினாள். அன்றைக்கென்று பார்த்து, “இந்தப் பக்கமா வந்தேன்” என்று வீராயி வந்து இறங்கினாள். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸேறி ‘இந்தப் பக்கமா’ வருகிறவள் அவள் ஒருத்திதான். ஒரு சேவலைத் தூக்கி நெஞ்செலும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“என்ன சம்மந்தி, கோழி வளர்க்கிறீங்களா, காடை வளர்க்கிறீங்களா? பொண்ணுக்கும் இப்படித்தான் சோறு போட்டீங்களா?”

அவள் தெருமுனை தாண்டுமுன் பாட்டில் கீழே இறங்கிவிட்டது. நாலு சொட்டு ஒரு கரண்டியானது. தீர்ந்ததும் மருந்துக்கடையில் இன்னொன்று வாங்கினாள்.

“கம்பவுண்டர் நிறுத்தச் சொன்னாரேடி?” என்று நல்லமுத்து கேட்டுப் பார்த்தார்.

“நீங்க சும்மா இருங்க. மஞ்சத்தூள் போட்டு நாலு தண்ணி கழுவினா எந்தக் கவிச்சு நிக்கும்? மீனையே கழுவிடுறோம், கோழியைக் கழுவ மாட்டமா?”

கோழிகள் பெருத்தன. சேவல்கள் எழுந்து நிற்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்தபடியே கூவின. பெரியநாயகி எட்டை அறுத்து மஞ்சள் போட்டுக் கழுவினாள், எலுமிச்சம்பழம் பிழிந்து கழுவினாள், தயிரில் ஊறவைத்தும் கழுவினாள். நாற்றம் தோலில் இருந்தால்தானே போகும்?

மாப்பிள்ளை சாமிதுரை பள்ளிக்கூடத்து வாத்தியார். ரெண்டு வாய் தின்றிருந்தார். “பரவால்லம்மா, சாப்பிடலாம்” என்று மெதுவாகத்தான் சொன்னார். வீராயி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாசுகி கதவிடுக்கில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து, கை கழுவாமல், வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மிச்சக் கறியை வீணாக்கக்கூடாதென்று நாங்கள் தின்றோம். கவிச்சுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். குழம்பு ஆறியும் மேலே கோழிக்கொழுப்பு உறையவில்லை. எண்ணெயாகவே மிதந்தது.

மீதி நாலு கோழி இருந்தது. கம்பவுண்டர் வந்து, “இனிமே கம்பும் சோளமும் மட்டும் போடுங்க. கொழுப்பு மெல்ல மாறும்” என்றார். பெரியநாயகி ஒரு மாசம் முழுக்க அப்படியே போட்டாள். அப்புறம் ஒன்றை அறுத்துக் குழம்பு வைத்து, என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாள். கோழிக்கறி வாசனைதான் வந்தது.

“இதைக் கொண்டுபோயி அவங்க வாயிலயே வச்சிட்டு வரேன்க்கா. எங்க மேல தப்பில்லன்னு தெரியட்டும்.”

கூடப் போனது நான்தான். தூக்குவாளி பிடிக்க ஓர் ஆள் வேண்டாமா? வாசுகி வாசல்வரை வந்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வீராயி தண்ணீர் கொடுத்தாள், பாய் போட்டாள், மரியாதைக்குக் குறைச்சலில்லை. பெரியநாயகி கம்பு, சோளம், கொழுப்பு எல்லாம் விளக்கிச் சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டாள்.

“இருக்கும், இருக்கும். தெரியாம நடந்திருக்கும். ஆனா போன பொதங்கெழமைதான் கம்மாபுரத்துல கை நனைச்சிட்டு வந்தோம்.”

மூடியை யாரும் திறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பெரியநாயகி தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டும் தரவில்லை. விருத்தாசலம் வந்ததும் ஆற்றில் கொட்டிவிட்டு வந்தாள்.

சாமிதுரைக்கு வைகாசியில் கம்மாபுரத்துப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. கோதண்டபாணி மாற்றலாகிப் போனார். வாசுகியை எழுபதில் திட்டக்குடிக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை மனைவியை இழந்து மூன்று பிள்ளைகளோடு நின்றவர், நல்லமுத்துவைவிட நாலு வயசுதான் இளையவர். எழுபத்து மூன்றில் நல்லமுத்துவுக்கு இருமல் கண்டு சூளை வேலை போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் திருக்கோவிலூர்ப் பக்கம் பெரியநாயகியின் தம்பி வீட்டுக்குக் குடிபோனார்கள். மகளுக்கு எழுதினார்களோ இல்லையோ, அடுத்த மாசிமகத்தன்று அவள் ஒரு கைக்குழந்தையோடு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, என்னிடம் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திட்டக்குடிக்குத் திரும்பிப் போனாள்.