குண்டூசி மட்டும் அழகு

ரொட்டிக்கடை முதலாளியம்மா அச்சடித்த தாளை மேஜைமேல் போட்டார். தன் கடைப் பெட்டிகளுக்கும் பெயர்ப்பலகைக்கும் பழைய காலத்துச் சாயலில் ஓர் எழுத்துரு கேட்டிருந்தவர் அவர்.

“எழுத்து ஒவ்வொண்ணையும் கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா ‘ரொட்டி’ன்னு சேர்த்துப் பாருங்க. பல்லு போன வாய் மாதிரி நடுவுல நடுவுல ஓட்டை. நாளைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க.”

அவர் போனதும் அந்த எழுத்துருவை வரைந்த எழுத்துக்காரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. எட்டு மாதம் உட்கார்ந்து வரைந்தவை. ஒவ்வொன்றுக்கும் அடியில் செங்கல் மாதிரிச் சதுரமான தடித்த பாதம், உடம்புக்குள் ஒரு வெள்ளைக் கோடு, வலப்பக்கம் நிழல், சுழிகளில் சின்னக் கொடிப்பூ. எங்கே நிறுத்தினாலும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஜம்பக்கார எழுத்துகள்.

கூட வேலை பார்க்கும் கணினிக்காரர் கோப்பைத் திறந்தார். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்தால் எவ்வளவு இடம் விடுவது என்ற பட்டியலை மேலும் கீழும் உருட்டினார்.

“மேடம், இதுல மூணே மூணு ஜோடியத்தான் இழைச்சு வெச்சிருக்கீங்க. ‘கு’வும் ‘ண்’ணும், ‘ண்’ணும் ‘டூ’வும், ‘டூ’வும் ‘சி’யும். மத்ததெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு. யாருங்க இந்தக் குண்டூசி?”

இடைவெளி பார்க்க இந்தத் தொழிலில் நூறு வார்த்தைகளை அடித்துப் பார்ப்பார்கள். இவள் ஒன்றையே அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் தன்னையறியாமல். அக்காவின் பட்டப்பெயர் அது. ஒல்லி உடம்பு, குத்துகிற பேச்சு. பெயர் வைத்தவளே இவள்தான்.

அக்கா பேசி ஆறு வருஷமாகிறது. இருவரும் ஒரே மேஜையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு செய்த முதல் எழுத்துருவில் இவள் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டாள். ‘அவசரத்துல விட்டுப்போச்சு’ என்று சமாளித்தாள். பச்சைப் பொய். அக்கா வாயே திறக்காமல் பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். இந்தத் தடித்த பாதம்கூட அவள் விட்டுப்போன நோட்டில் கிறுக்கியிருந்ததுதான். அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இவள் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்! எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்லும் அந்த வாய்க்காக ஏங்கிப் போயிருந்தாள்.

“வரைஞ்சவங்க பேருன்னு கோப்புல ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல எங்கக்கா பேரையும் சேர்க்கணும்.”

“அவங்க சம்மதிக்கணுமே. கேட்டுச் சொல்லுங்க.”

ஆறு வருஷமாக வராத தைரியம் இந்தச் சாக்கில் வந்தது. போன் போட்டாள். நான்காவது மணியில் அக்கா எடுத்தாள். இவள் மூச்சுவிடாமல் கொட்டினாள்: நோட்டை, பாதத்தை, அன்றைய பொய்யை, இன்றைக்கு மாட்டிக்கொண்ட மூன்று ஜோடிகளை.

“நான் பண்ணது தப்புக்கா. உன் பேரையும் போடட்டுமா?”



“போடறதா இருந்தா என் பேரை மட்டும் போடு. எப்படி இருக்கும்னு நீயும் பாரு,” என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

இவள் கட்டத்தில் இருந்த தன் பெயரை அழித்தாள். அக்காவின் பெயரை அடித்தாள்.

கணினிக்காரர் பதறிப்போனார். “என்ன மேடம், எட்டு மாச உழைப்பு! மனசு வலிக்கலையா?”

வலிக்கத்தான் செய்தது. ஆனால் எதற்கு என்று அந்த மனுஷருக்கு எப்படிச் சொல்வது? அக்கா இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வைத்திருக்கலாம்.