சென்சாரின் மேல் போட்ட பழி

வடகோடிப் பனிநாடு ஒன்றில், கைனூ காட்டுப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. குளிர் மைனஸ் இருபதுக்குக் கீழே போய்விட்டால், எந்த மீட்டர் என்ன காட்டினாலும் அங்கே யாரும் நம்பமாட்டார்கள். "பனியில அதுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் காபியை ஊற்றிக்கொள்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் போகவில்லை.

மிர்யாவும் அப்படித்தான். அந்த வட்டாரத்தில் மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவள் அவள். அன்று காலை கலேவி கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது காட்டுப் பாதையோரம் தனியாக வடிகால் தோண்டிக்கொண்டிருந்தான். எக்ஸ்கவேட்டர் திரையில் அதே பிழைக் குறியீடு மறுபடியும் வந்திருக்கிறது என்றான். எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சார், வெளியே மைனஸ் இருபத்தெட்டு இருக்கும்போது உள்ளே நாற்பது என்று காட்டுகிறதாம். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் இதே குறியீடுதான். இரண்டு முறையும் சென்சார் உளறுகிறது, அழித்துவிடு என்று போனிலேயே சொல்லிவிட்டாள் மிர்யா. இன்று எஞ்சின் வேகமெடுக்காமல் நொண்டியது.

"சரி, புது சென்சார் எடுத்துட்டு வரேன். எஞ்சினை அணைச்சிட்டு ஹீட்டரைப் போட்டு உள்ளயே உக்காரு. வெளிய சுத்தி விறைச்சுப்போகாத" என்றாள்.

"தலை வலிக்குதுடி. கொஞ்சம் நடந்தா தேவலாம்னு இருக்கு."

"நேத்து ஊத்தினதுக்கு இன்னிக்கு வலிக்குது. பேசாம உக்காரு."

அவன் போனை வைத்துவிட்டான். சொல்லி என்ன பயன்? இலையுதிர் காலத்திலேயே குடியை விட்டுவிட்டேன் என்று அவன் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் இந்தக் குளிர் தொடங்கியதிலிருந்து தினமும் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். சிவந்த முகத்தோடு வீட்டுக்கு வருபவனை யார் நம்புவார்கள்? குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று ஊரே சிரித்தது. குடித்திருக்கிறானா என்று பார்க்க, வேலை கொடுக்கும் மேஸ்திரி ஒருநாள் கருவியில் ஊதச் சொன்னான். கருவி பூஜ்யம் காட்டியது. பனியில் கருவி கெட்டுவிட்டது என்று அதையும் ஓரமாக வைத்துவிட்டார்கள். அவன் மனைவி தூலா, அவனது தலையணையை வீட்டுக்கு வெளியே இருக்கும் சௌனாவின், அதாவது நீராவிக் குளியல் குடிசையின் முன்னறையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். அந்த யோசனையைச் சொன்னதே மிர்யாதான்.

மிர்யா போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் அணைந்திருந்தது. எஞ்சினையும் கேபினையும் ஒருசேர சூடாக்கும் சின்ன டீசல் ஹீட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கேபின் கண்ணாடியில் தலை சாய்த்து, கன்னம் இரண்டும் சிவக்கத் தூங்கிக்கொண்டிருந்தான் கலேவி. அவளுக்கு எரிச்சல் மண்டியது. காலையிலேயே ஏற்றிக்கொண்டான் போலிருக்கிறது, கிடக்கட்டும் என்று பின்பக்கம் போய் எஞ்சின் மூடியைத் தூக்கினாள்.

டீசல் புகை நாற்றம் அடித்தது. டீசல் வண்டியில் மல்லிகையா மணக்கும்? அவள் சென்சாரைக் கழற்றி மீட்டரில் மாட்டினாள். கையில் பிடித்திருக்கும்போதே அளவு மளமளவென்று இறங்கியது. உளறும் சென்சார் இப்படி இறங்காது. திரும்பக் காற்றுக் குழாயில் வைத்தாள், ஏறியது. பையிலிருந்த புதியதை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதுவும் நாற்பதைத் தொட்டது.

கையுறையைக் கழற்றிக் குழாயைத் தொட்டாள். எஞ்சின் ஓடவேயில்லை; ஆனால் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது.

சென்சார் பொய் சொல்லவில்லை. சூடு எங்கிருந்து வருகிறது என்று டார்ச் அடித்துக் குனிந்தாள். ஹீட்டரின் புகைக்குழாயை இறுக்கியிருந்த கிளிப் உடைந்து, குழாய் கழன்று தொங்கியது. சுற்றிலும் கரி. வெளியே போகவேண்டிய நச்சுப் புகை முழுவதும் எஞ்சின் அறைக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, கேபினுக்குக் காற்றை இழுக்கும் வலை. அந்த வலையும் கரியாக இருந்தது. தலைவலி, தள்ளாட்டம், சிவந்த முகம் எல்லாம் இந்தப் புகைதான்.

அவனை உள்ளே உட்கார வைத்தது அவள்தான்.

எப்படிச் சுற்றி ஓடினாள், எப்படிக் கதவைத் திறந்தாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது. கலேவியின் தலை கதவோடு சேர்ந்து சரிந்தது. சட்டையைப் பற்றி இழுத்தாள். பொத்தான் தெறித்தது. அவ்வளவு பெரிய உடம்பு மூட்டை மாதிரி அவள்மேல் விழ, இருவரும் பனியில் புதைந்தார்கள். மூச்சு இருந்தது, நூல் மாதிரி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

நெடுநேரம் கழித்துக் கண் திறந்தான். பனியில் வாந்தி எடுத்தான். பிறகு அவளைப் பார்த்து, "சென்சாரை மாத்திட்டியா?" என்றான்.

"மாத்தல. அது நல்லாத்தான் இருக்கு."

ஆம்புலன்ஸில் வந்த பையன் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டே, கேபினையும் கலேவியின் சிவந்த முகத்தையும் ஒரு பார்வை பார்த்தான். குடித்திருக்கிறாரா என்று கேட்டான். அவன் எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். ஆனால் அது மிர்யாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"இல்ல. அவன் குடிக்கல" என்றாள். "ரொம்ப நாளாவே குடிக்கல."

முகமூடிக்குள் கலேவி கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரம் நீர் வழிந்தது, காதுக்குப் போவதற்குள் உறைந்துவிட்டது.

வண்டி போனபிறகு மிர்யா தூலாவுக்குப் போன் செய்தாள். கிளிப், புகை, சென்சார் எல்லாவற்றையும் சொன்னாள், உயிருக்குப் பயமில்லை என்று இரண்டு முறை சொன்னாள்.

"நேத்து ராத்திரி ஜன்னல்ல தட்டினான்" என்றாள் தூலா. "கிட்ட வந்து மோந்து பாரு, வாடை அடிக்குதான்னு பாருன்னு கெஞ்சினான். நான் திரையை இழுத்து விட்டுட்டேன் மிர்யா."