மீராவின் பத்துப் புள்ளி

ரயில் ஓட்டும் பயிற்சிக்கு மீராவை எடுப்பதாக ஜேர்மனியின் ஹம் நகரத்துக் கொம்பனி ஒன்று சொல்லியிருந்தது. காது மட்டும் நன்றாக இருக்க வேண்டும். காது சோதித்த தாளை இன்றைக்கே தபாலில் சேர்க்கவேண்டியிருந்தது. அதற்குள் அது அப்பா மகேந்திரராஜாவின் கையில் அகப்பட்டுவிட்டது. தேத்தண்ணிக்குப் பாலை எடுத்தவர் பிரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தாமலே வந்து உட்கார்ந்தார்.

"பத்து. அஞ்சு. திரும்பப் பத்து," என்று வாசித்தார். "பிள்ளை, ஒரு இடத்திலையாவது இருபதைத் தாண்டேல்லையே."

"தாண்டக் கூடாதப்பா."

"நூறுக்குப் பத்து எடுத்த ஆளிட்டை ஆர் ரயிலைக் குடுப்பான்?"

பிரிட்ஜ் கீச்சுக் குரலில் பீப், பீப் என்றது. அவர் அதைத் தாண்டிப் போய் அலுமாரியிலிருந்து தன் வேலைக் காகிதங்கள் வைத்த கோப்பை எடுத்து வந்தார். இருபத்தாறு வருடமாகக் கம்பித் தொழிற்சாலையில் வேலை. போன மாசியில் அங்கே அவருக்கும் காது சோதித்திருந்தார்கள்.

"என்ரையைப் பார். அறுபது. கொம்பனிக்கு நான் போன் எடுக்கிறன். பிள்ளைக்கு அண்டைக்குக் காது சரியில்லை, இன்னொருக்கா சோதியுங்கோ எண்டு கேப்பம்."

அப்படி ஒரு போன் போனால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். மீரா பதறவில்லை. போனை எடுத்துத் தன் பக்கம் வைத்தாள்.

"இது புள்ளி இல்லை அப்பா. சத்தத்தை எவ்வளவு கூட்டினாப் பிறகு காதிலை விழுந்தது எண்டதுதான் இந்த எண். எனக்குப் பத்திலேயே கேட்டிட்டுது. இருபதுக்குள்ளை நிண்டால் நோமல்."

"குறையக் குறைய நல்லதோ? ஆருக்குக் கதை விடுறாய்?"

"மூண்டாம் வகுப்பிலை நான் கணக்குக்கு ஒண்டு எடுத்ததுக்கும் இப்பிடித்தான் முகத்தை நீட்டினீங்கள். அதுதான் இங்கத்தை முதல் தரமெண்டு ரீச்சர் சொல்லித்தான் விளங்கினது."

"பிறகு சைக்கிள் வாங்கித் தந்தனான்தானே," என்றவர் தன் தாளைப் பார்த்தார். "அப்ப என்ரை அறுபது?"

அவருடைய தாளில் வரைந்திருந்த கோடு மேலே நேராக ஓடி, கீச்சு ஓசைகள் வரும் வலப்பக்கத்தில் அறுபது வரை கீழே சரிந்து கிடந்தது. பிரிட்ஜ் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"அப்பா, இப்ப ஏதும் கேக்குதோ?"

"நீ கதைக்கிறது கேக்குது. வேறை என்ன?"

மீரா அவரைக் கூட்டிப்போய்ப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் குனிந்து காதைக் கதவோடு ஒட்டினார்.

"மெல்லிசாக் கேக்குது. எப்ப துடங்கினது?"

"நீங்கள் என்னைப் பெயிலாக்கத் துடங்கேக்கை."

அவர் கதவை அழுத்திச் சாத்தினார். மீரா புரட்டிய கோப்பில் அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு கடிதம் இருந்தது. காது டொக்டரிடம் போகச் சொல்லி எழுதியிருந்தார்கள்.

"இதை வாசிக்கேல்லையோ?"

"அறுபதைக் கண்டவுடனை பாஸெண்டு நினைச்சிட்டன்." போனை அவள் பக்கம் இன்னும் தள்ளினார். "டொக்டரிட்டைப் போக எனக்கொரு ரெர்மின் எடு."

மீரா எண்களை அழுத்தினாள். மகேந்திரராஜா அவளுடைய தாளை மடிக்காமல் பெரிய உறைக்குள் வைத்து ஒட்டி, தபாலில் சேர்க்கச் சப்பாத்தைப் போட்டார்.