சொல்லாமல் போகிறவர்கள்

"சொல்லிட்டுப் போங்க" என்று சுஜித் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். மாலையைப் போட்டுவிட்டுப் பேசாமல் நழுவப் பார்த்த பக்கத்து வீட்டு சுவாமிதாஸ் திருதிருவென விழித்தார். காலையிலிருந்து அவர் ஏழாவது ஆள்.

நீதுவுக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. கூடத்தில் அப்பா குற்றாலலிங்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். கரமனையிலிருந்த அந்த வீட்டில் யார் கிளம்பினாலும் 'போயிட்டு வரேன்' சொல்ல வேண்டும்; சொன்னால்தான் திரும்பி வருவார்கள் என்பது இருபத்தொன்பது வயதுத் தம்பி சுஜித்தின் கணக்கு. குப்பை கொட்டப் போனாலும் சொல்லிவிட்டுப் போன மனுஷன், சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிவைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுடைய முதல் கோபம் அவர்மேல்தான்.

அடுத்தது பாகீரதி அத்தைமேல். ஆட்டிசம் என்று நூறு தடவை சொல்லியாயிற்று. அத்தைக்கு அது செல்லம் கொடுத்து வந்த பிடிவாதம். இப்போதும் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னாள். அவன் காதைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இவன உள்ள விட்டுப் பூட்டு மக்ளே. கொள்ளி என் மகன் பிரபின் வைப்பான். வண்டி வந்தாச்சு, கேட்டியா."

"மகன் இவன்தான். இவன்தான் வைப்பான். நீங்க கைய எடுங்க அத்தை."

அத்தை கையை எடுத்துக்கொண்டாள். நீது தம்பியைத் தொடாமல், சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அப்பா தூங்குகிறார், சாமியிடம் போயிருக்கிறார் என்று ஆளாளுக்கு அவனிடம் அளந்துவிட்டிருந்தார்கள்.

"சுஜித், அப்பா செத்துட்டாரு. இனி வரமாட்டாரு. செத்த வீட்டுல யாரும் போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாது. அதான் வழக்கம்."

"சுவாமிதாஸ் மாமா?"

"அவரு நாளைக்கு வருவாரு. சொல்லாமலே வருவாரு."

தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து வழிவிட்டான். "இத காலைலயே சொல்லியிருக்கலாம்லா" என்றான், எரிச்சலோடு. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாவைத் தூக்கினார்கள். அழுகை உயர்ந்தது. அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். வண்டியில் ஒரு காலை வைத்தவன் நின்றான். பின்னால் எல்லோரும் நின்றார்கள்.

"அக்கா. அப்பா வரமாட்டாரு. நான் வருவேன். நான் சொல்லலாமா?"

கூடாது என்று அத்தை தலையசைத்துக்கொண்டிருந்தாள். தெருவே நீதுவைப் பார்த்தது.

"சொல்லு."

"போயிட்டு வரேன்."

நீது தலையை ஆட்டிப் பார்த்தாள். அவன் ஒரு காலை வண்டியிலும் ஒரு காலைத் தெருவிலும் வைத்தபடி, அவள் 'வா' என்று சொல்லும்வரை ஏறாமல் நின்றான்.