இரண்டாம் கை

ரத்னாவுக்கு ஆபீசர் பதவி வந்த அன்று காலையிலேயே அவள் கையில் ஒரு கவரும் வந்தது. உள்ளே இருந்தது, கூட வேலை செய்யும் சந்திரம்மாளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றும் உத்தரவு. மதியச் சாப்பாட்டுக்குள் அதை அவளிடம் சேர்த்துவிட வேண்டும்.

"நீங்களே குடுத்துடுங்க மேடம். உங்களுக்கு வேண்டப்பட்டவங்க, பதமா சொல்லிடுவீங்க" என்றார் மேனேஜர் சுப்பராயன். கசப்பான வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நேற்று வரை வெறும் ரத்னாவாக இருந்தவளுக்குக் கவரோடு சேர்த்து 'மேடம்' பட்டமும் தந்துவிட்டார்.

அது 1991, ஏப்ரல் மாதம். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இருந்த அந்தப் பெரிய தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறைக்கு ரத்னா வந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. முதலில் கார்டில் துளை போடும் ஆபரேட்டர். அப்புறம் ப்ரோக்ராம் எழுதுகிறவள். இனிமேல் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதற்குக் கையெழுத்துப் போடுகிறவள். பதவி உயர உயர விரலுக்கு வேலை குறைந்துகொண்டே போனது. அதுதான் முன்னேற்றம் என்று ஊரில் சொல்கிறார்கள்.

கார்டு காலத்தில் ரத்னா அடித்ததையே சந்திரம்மாள் மூலத் தாளைப் பார்த்து இன்னொரு மெஷினில் மறுபடி அடிப்பாள். ஓர் எண் மாறினாலும் மெஷின் நின்றுவிடும். அந்த வேலைக்கு அறையில் 'இரண்டாம் கை' என்று பேர். அடுத்தவள் தப்பைக் கண்டுபிடிப்பதே வேலை என்றால் இருவருக்கும் எப்படி ஆகும்? ஆனால் இவர்களுக்கு ஆனது. "இன்னாடி, ஏழுக்கு ஒண்ணு அடிச்சிக்கிற, கண்ணு எங்க கீது?" என்று சிரித்துவிட்டு, சூப்பர்வைசர் பார்க்கும் முன் திருத்திவிடுவாள் சந்திரம்மாள்.

சாயங்காலம் இருவருக்கும் ஒரே பஸ். ரத்னா படப்பையில் இறங்குவாள். அதற்குள் அவள் பின்னலில் ஒட்டியிருக்கும் கார்டுத் துணுக்குகளை, பேன் பார்ப்பது போல ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிடுவாள் சந்திரம்மாள். கார்டு போய்த் திரையும் விசையுமாக டெர்மினல் வந்த பிறகு அந்தத் துணுக்கும் இல்லை, அறையை அதிரவைத்த துளை போடும் சத்தமும் இல்லை. ரத்னாவுக்கு இன்றும் அதெல்லாம் வேண்டும்போல இருந்தது.

மெட்ராஸில் ப்ரோக்ராம் வகுப்புக்கு அவள் போன ஒரு வருடமும் மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. "நீ போ. உன் தாள் கட்டையும் நான் அடிச்சிக்கிறேன்" என்றாள் சந்திரம்மாள். அடித்தவளே சரிபார்க்கக் கூடாது என்பது அறையின் சட்டம். அந்த வருடம் முழுக்க இரண்டு கையும் அவளே.

இதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன ஆடிக் கிருத்திகை வரைக்கும். அன்றைக்குப் பாதித் தொழிற்சாலை காவடியோடு வல்லக்கோட்டையில் இருந்தது. வராதவர் பட்டியலில் டோக்கன் எண் 1473, எல்லப்பன் என்று இருந்தது. ஆலையில் எட்டு எல்லப்பன்கள். ரத்னா இடத்துக்கு முதல் கையாக வந்த மாரிக்கும் ஊர் வடக்குப்பட்டு, சந்திரம்மாளுக்கும் வடக்குப்பட்டு. கிருத்திகைக்குத் தவறாமல் காவடி எடுப்பவன் தங்கள் ஊர் எல்லப்பன்தானே என்று இருவர் விரலும் தானாக அவனுடைய 1437-க்குப் போய்விட்டன. இரண்டு கையும் ஒரே தப்பைச் செய்தால் மெஷின் என்ன செய்யும், பாவம்.

சொல்லாமல் லீவு போட்டதற்கு விளக்கம் கேட்ட மெமோவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வடக்குப்பட்டு எல்லப்பன் வந்தான். "பங்காளி செத்து பத்து நாள் கூட ஆவல. அதான் கோயிலுக்குப் போவாம ட்யூட்டிக்கு வந்தேன். இப்ப தீட்டோட காவடி எடுத்தேன்னு ஊரே பேசிகினு கீது" என்றான். சந்திரம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவளுக்கு இன்னொரு முறை அந்தத் தலைகுனிவு வரக் கூடாது என்றுதான் ரத்னா புது ப்ரோக்ராம் எழுதினாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் சூப்பர்வைசர் டோக்கன் எண்களையெல்லாம் கூட்டி எழுத வேண்டும். மெஷினும் கூட்டிப் பார்க்கும். கூட்டல் உதைத்தால் முதல் கையிலேயே நிறுத்திவிடும். ஹெட் ஆபீஸ் அதைப் பார்த்துப் புகழ்ந்தது, ரத்னாவை ஆபீசர் ஆக்கியது, இனி இரண்டாம் கை எதற்கு என்றும் கேட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

பன்னிரண்டரை மணிக்கு அவள் சந்திரம்மாளின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நாற்பத்தாறு வயதில், எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பெட்டி கட்டும் வேலை. எப்படிச் சொல்வது?

"அக்கா, இத நான்தான் குடுக்கணும்னு சொல்ட்டாங்க" என்று கவரை நீட்டினாள்.

சந்திரம்மாள் கவரைப் பிரிக்கவில்லை. "பேக்கிங்கா, கேண்டீனா?" என்றாள்.

"பேக்கிங். உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"உன் ப்ரோக்ராம் வந்து ஆறு மாசம் ஆவுது. அன்னிலேர்ந்து எனக்கு ஒரு தப்பு கெடைக்கல ரத்னா. தெனம் காலைல வந்து, இன்னிக்காச்சும் ஒண்ணு மாட்டாதான்னு தேடிகினு இருப்பேன். ஒண்ணும் மாட்டாது."

"அப்பவே எங்கிட்ட சொல்லக் கூடாதாக்கா?" என்றாள் ரத்னா.

"சொல்லியிருந்தா எனக்கோசரம் நீ ரெண்டு தப்ப உள்ள வுட்டிருப்ப" என்றாள் சந்திரம்மாள். "அப்புறம் எவனாவது ஒரு எல்லப்பன் மெமோவ தூக்கிகினு வருவான்."

ப்ரோக்ராமில் எந்த வரியை எடுத்துவிட்டால் ஒன்றிரண்டு தப்பு இரண்டாம் கை வரைக்கும் வரும் என்றுதான் காலையிலிருந்து ரத்னா யோசித்துக்கொண்டிருந்தாள்.