மெத்தைக்குள் கிடந்த சங்கொலி

மொலித்ஸா என்ற ஊரில் யாரும் மதிக்காத சங்கொலி காற்றில் கரைவதில்லை, தரையில் படியும். மலைமேல் இருக்கும் அணைக்காக, மாதத்தின் முதல் புதன்கிழமை காலையில் நகராட்சியின் அபாயச் சங்கை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள். அதைக் கேட்டதும் வீடுகளில் மக்காச்சோளக் களி அடுப்பில் ஏறும்; வேறெதற்கும் அது பயன்பட்டதில்லை. மதியத்துக்குள் அந்த ஒலி தெருவெல்லாம் சிக்குப்பிடித்த ஆட்டுரோமம் போல, சாம்பல் நிறத்தில், கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். துப்புரவுக்காரர்கள் பொதி கட்டி வண்டியில் ஏற்றுவார்கள். ஒருமுறை பூனையொன்று ஒரு பொதியைப் பிராண்டிவிட, பழைய ஊளை மொத்தமும் வெளியே வந்து கடைவீதிக் கண்ணாடிகளில் விரிசல் விழுந்தது. பொதிகளைக் கிழிக்கக் கூடாது என்று நகராட்சி அறிவிப்பு ஒட்டியது. அதோடு விஷயம் முடிந்தது.

சங்கின் பொத்தானை அழுத்துவது ஸம்ஃபீராவின் வேலை. அவள் அண்ணன் ஒனூஃப்ரியே ஆற்றங்கரைக் கீழ்த்தெருவின் கடைசி வீட்டில் இருந்தான். தெருவில் கிடப்பது கதகதப்பாக இருக்கிறதென்று வருடக்கணக்காக அதை அள்ளி மெத்தையில் அடைத்து, அதன்மேல் நிம்மதியாகத் தூங்கினான்.

அந்த இலையுதிர்காலத்தில் மழை விடவே இல்லை. அணை தாங்காது, கீழ்த்தெருவைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு வந்தது, மாதத்தின் முதல் புதனன்று, சங்கு ஊதும் நேரத்தில். ஸம்ஃபீரா அழுத்தினாள். கைபேசிகளும் அலறின. கோடை முழுக்கக் காற்று வருகிறது, கரடி வருகிறது என்று அலறியவை அவை. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. களி அடுப்பில் ஏறியது. அவள் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, இது சோதனை இல்ல. மேட்டுக்கு ஏறு."

"போன மாசமும் இதே ஊளைதானே? ஊதறது உன் வேலை, ஊது. தூங்கறது என் வேலை. வை போனை."

அவள் துணி வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினாள். அவன் படுத்தபடியே சிரித்தான்.

"என்னடி, முடி வெட்டிவிட வந்தியா?"

அவள் மெத்தையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கிழித்தாள். அத்தனை வருடத்துப் புதன்கிழமைகளும் ஒன்றாக வெளியே வந்தன. ஒனூஃப்ரியே காதைப் பொத்திக்கொண்டு காலுறையோடு ஓடினான். கீழ்த்தெருவின் கதவுகள் எல்லாம் திறந்தன. களிக் கரண்டியோடும் பாதி மழித்த தாடியோடும் ஆட்கள் மேட்டில் ஏறினார்கள். தண்ணீருக்குப் பயந்து ஒருவரும் ஏறவில்லை, சத்தம் தாங்காமல் ஏறினார்கள். திரும்பிப் பார்த்தபோது தெரு இல்லை.

"என் மெத்தை போச்சேடி," என்றான் ஒனூஃப்ரியே.

அடுத்த முதல் புதனன்று சங்கு ஊதியதும் ஊரே மேட்டில் ஏறியது; தரையில் ஒன்றும் படியவில்லை. அதற்கடுத்த மாதம் பாதிப் பேர் ஏறினார்கள். ஒனூஃப்ரியே அதே இடத்தில் வீடு கட்டினான். வசந்தத்துக்குள் தெரு மறுபடியும் சாம்பல் நிறமானது. ஸம்ஃபீரா யாரையும் திட்டவில்லை. கிடந்ததை அள்ளிவந்து அண்ணனுக்குப் புது மெத்தை தைத்துக் கொடுத்தாள். தையலை மட்டும், ஒரே இழுப்பில் பிரிந்துவிடும்படி, தளர்வாகப் போட்டிருந்தாள்.